துருப்பிடித்த மெயின் பாக்ஸ்: தொகை பேசுவதற்கு முன் தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடியுங்கள்

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். பிடித்துப்போன ஒரு வீட்டுக்கு விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டீர்கள். வீட்டை ஆய்வு செய்தவர், "மின் பேனலுக்குள் துரு தெரிகிறது, எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்" என்று அறிக்கையில் ஒரே வரி எழுதியிருக்கிறார். விற்பவர், "20 வருடமாக ஒரு பிரச்சினையும் வந்ததில்லை, சுத்தம் செய்து பெயின்ட் அடித்துத் தருகிறேன்" என்கிறார். தரகரோ, விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்கிறார். பதிவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

வீட்டு வயரிங் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். இப்படி விற்பனைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பேனல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு காரணத்துக்காக வீட்டை விட்டுவிட வேண்டாம், பேனல் என்பது மாற்றக்கூடிய பொருள். சுத்தம் செய்து பெயின்ட் அடிப்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எலக்ட்ரீஷியன் ஒருவர் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்து எழுதித் தரும்வரை எந்தத் தொகைக்கும் சரி சொல்லாதீர்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது, தரகருக்கும் தெரியாது.

இனி விவரத்துக்கு வருகிறேன். டிபி, மெயின் பாக்ஸ், பேனல், எப்படிச் சொன்னாலும் இங்கே ஒன்றுதான்: வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை வீட்டுக்குள் பிரித்துக் கொடுக்கும் பெட்டி.

அறிக்கையில் இருக்கும் "துரு" என்ற சொல்லுக்குள் பல விஷயங்கள் அடங்கியிருக்கலாம். பெட்டி இரும்புத் தகடு, அதில் வருவது செந்துரு. தகட்டின் மேல் பூசிய துத்தநாகம் அரிக்கும்போது வெள்ளைப் பொடியாக உதிரும். செம்பில் பச்சையாகக் களிம்பு ஏறும். அலுமினியம் சாம்பல் கலந்த வெள்ளையாகப் பூக்கும். கந்தகம் கலந்த வாயு பட்டால் செம்பும் வெள்ளிப் பூச்சும் கறுத்துவிடும். பெட்டியின் மூலையிலோ மூடித் திருகின் தலையிலோ மட்டும் செந்துரு இருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. அதே அரிப்பு மெயின் கேபிளின் முனையை இறுக்கும் உலோகப் பிடியான லக்கில், எல்லா பிரேக்கருக்கும் (கரண்ட் அதிகமானால் தானாக அணையும் ஸ்விட்ச்) மின்சாரம் கொடுக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரை பிரேக்கர் கவ்வும் இடத்தில், நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் நியூட்ரல் பாரில், எர்த் ஒயர் பெட்டியோடு சேரும் திருகில் இருந்தால் கதையே வேறு. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு துரு" என்பதைவிட "எதன் மேல் துரு" என்பதுதான்.

ஏன் அந்த இடங்களைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு உலோகங்கள் இறுக்கமாகச் சேரும் நல்ல இணைப்பில் மின்தடை அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். அங்கே களிம்போ அலுமினிய ஆக்ஸைடோ புகுந்து தடை 0.05 ஓம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியாக 20 ஆம்பியர் ஓடினால் அங்கே குறையும் வோல்டேஜ் வெறும் 1 வோல்ட். எந்த விளக்கும் மங்காது, எந்த மெஷினும் நிற்காது, வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒரு புள்ளியில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவது, அதாவது 20 வாட். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதற்குக் கிட்டத்தட்ட சமமான சூடு, பிளாஸ்டிக் பிரேக்கருக்கும் ஒயரின் தோலுக்கும் நடுவில், மூடிய பெட்டிக்குள், மணிக்கணக்கில். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. 40 ஆம்பியருக்கு 80 வாட்.

இதிலிருந்து பிரேக்கர் காப்பாற்றாதா என்று எல்லோரும் கேட்பார்கள். பிரேக்கர் பார்ப்பது கரண்டை. ஓடுவது நியாயமான 20 ஆம்பியர்தான், ஆகவே அதன் கணக்கில் எல்லாம் சரி. சில சமயம் இணைப்பின் சூடு பிரேக்கருக்குள் ஏறி, உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டையை வளைத்து, லோடு குறைவாக இருக்கும்போதே ட்ரிப் ஆகும். அதை ஒரு நல்ல எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நான் பார்த்த பல வீடுகளில் "பிரேக்கர் வீக்" என்று சொல்லி அதைவிடப் பெரிய ஆம்பியர் பிரேக்கரை மாட்டியிருந்தார்கள். இருந்த ஒரே எச்சரிக்கையும் போயிற்று. நீங்கள் வாங்கும் வீட்டில் ஒயரின் கனத்துக்குப் பொருந்தாத பெரிய பிரேக்கர் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈரம் பிரேக்கருக்கு உள்ளேயும் போயிருக்கலாம். அதற்குள் ஸ்பிரிங், நெம்புகோல், பூட்டு எல்லாம் சின்னச் சின்ன உலோகத் துண்டுகள். அவை இறுகிப்போனால் வருடக்கணக்கில் ஆன் நிலையில் ஒழுங்காக வேலை செய்யும், ஷார்ட் ஆகும் அன்றைக்கு மட்டும் விடுபடாது. விற்பவர் சொன்ன "20 வருடமாகப் பிரச்சினை இல்லை" என்பதை நான் பொய் என்று சொல்லவில்லை. அவர் உண்மையைத்தான் சொல்கிறார். பிரேக்கர் ஒருமுறைகூடத் தேவைப்படாமல் போயிருக்கலாம். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

நியூட்ரல் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பல ஃபேஸ் வரும் வீட்டில் மெயின் நியூட்ரல் இணைப்பு அரித்துத் துண்டிக்கப்பட்டால், லோடு குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் எகிறும். 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400-ஐ நெருங்கும் அளவுக்குக்கூடப் போகலாம். ஒரு அறையில் விளக்கு மங்கும்போது இன்னொரு அறையில் பளிச்சென்று எரிந்தால் அதுதான் அறிகுறி. வீடு பார்க்கப் போகும்போது ஏசியோ ஹீட்டரோ போட்டுவிட்டு மற்ற அறை விளக்குகளைக் கவனியுங்கள். அப்படி நடந்தால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும், மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தண்ணீர் எங்கிருந்து வந்தது? இதைக் கேட்காமல் பேனலை மட்டும் மாற்றினால் பணம் வீண். ஒரு வீட்டில் புதுப் பேனல் மாட்டி 14 மாதம்தான் ஆகியிருந்தது, மெயின் லக்கில் மறுபடி பச்சை ஏறிவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். பேனல் நல்ல பேனல், மாட்டியதும் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தார்கள். மேலே ஏறிப் பார்த்தபோது, வெளியிலிருந்து வரும் சர்வீஸ் கேபிளின் மேல்தோல் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. அந்த வெடிப்பில் இறங்கிய மழைத் தண்ணீர் தோலுக்கும் உள்ளே இருக்கும் இழைகளுக்கும் நடுவில் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஊறி, சுவருக்குள் நெடுந்தூரம் வந்து, நேராக மெயின் லக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. சுவர் காய்ந்திருந்தது, பெட்டியின் வெளிப்புறம் காய்ந்திருந்தது. கேபிளின் வயிற்றுக்குள் மட்டும் தண்ணீர். கேபிளை மாற்றிய பிறகுதான் அந்த வீடு தேறியது.

துரு இருக்கும் இடமே தண்ணீர் வந்த வழியைக் காட்டிக்கொடுக்கும். மெயின் கேபிள் நுழையும் இடத்திலும் அதற்கு நேர் கீழேயும் மட்டும் அரிப்பு, மற்றதெல்லாம் சுத்தம் என்றால் கேபிள் வழியாகவோ மீட்டர் பெட்டி வழியாகவோ வருகிறது. வெளியிலிருந்து வரும் பைப்பின் வாயைச் சுற்றித் துளித்துளியாகத் துரு இருந்தால், மழைக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். வெப்பநிலை வேறுபாடு உள்ள இரண்டு இடங்களுக்கு நடுவில் அந்தப் பைப் காற்றைக் கடத்துகிறது, ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டு வியர்க்கிறது. பைப்பின் வாயை அதற்கான அடைப்புப் பசையால் அடைத்தாலே அது நின்றுவிடும். செலவே இல்லாத வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை. அடிப்பக்கம் மட்டும் அரித்திருந்தால் சுவர் ஓதம். உள்ளே ஒரே மட்டத்தில் கோடுபோட்டாற்போல மண்படிவு தெரிந்தால் வெள்ளம் புகுந்த வீடு. மேலே குளியலறையோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அதையும் சந்தேகியுங்கள்.

தண்ணீரே இல்லாமலும் அரிக்கும். நீச்சல் குளத்துக்கான குளோரின், உரமூட்டை, ஆசிட் பேட்டரி இவற்றைப் பேனல் இருக்கும் அறையில் வைத்திருந்தால், அந்தப் புகை எல்லா உலோகத்தையும் ஒரே சீராகத் தின்னும். கடலோர உப்புக்காற்றும் அப்படித்தான். இந்த மாதிரி வீட்டில் பேனலை வேறு இடத்துக்கு நகர்த்துவதோ, அரிப்பைத் தாங்கும் பெட்டி போடுவதோதான் வழி. அதன் செலவு சாதாரண மாற்றத்தைவிடக் கூடுதல் என்பதைப் பேரத்தின்போது மனதில் வையுங்கள்.

யார் திறந்து பார்ப்பது? நீங்களும் விற்பவரும் தொடவே வேண்டாம். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் அதற்கு வந்து சேரும் கேபிளிலும் லக்கிலும் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அதைத் துண்டிக்க மின் நிறுவனத்தின் ஆள்தான் வர வேண்டும். துருப்பிடித்த மூடியைக் கழற்றும்போது உதிரும் தகட்டுத் துண்டோ திருகோ அந்த இடத்தில் விழுந்தால் போதும், முகத்துக்கு நேரே தீப்பிழம்பு. வீட்டை ஆய்வு செய்தவர் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டதில் தவறில்லை. அவர் வேலை கண்ணால் பார்ப்பது. அடுத்த கட்டத்துக்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேண்டும், அவரும் விற்பவரின் ஆளாக இல்லாமல் நீங்கள் கூலி கொடுத்து அழைத்தவராக இருக்க வேண்டும். விற்பவரிடம் அனுமதி வாங்கி, அவரையும் கூட இருக்கச் சொல்லுங்கள். நேரில் பார்த்தபின் அவரே பேச்சை மாற்றிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வரும் எலக்ட்ரீஷியனிடம் மூன்று விஷயம் கேளுங்கள். முதலாவது, மூடி கழற்றியபின் மெயின் லக், பஸ்பார், நியூட்ரல் பார், எர்த் பார் எல்லாவற்றையும் கிட்ட வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு பிரேக்கரைக் கழற்றி, அது பஸ்பாரைக் கவ்விய இடத்தையும் எடுக்க வேண்டும். உண்மையான சேதம் அங்கேதான் ஒளிந்திருக்கும், முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. இரண்டாவது, எந்த இடம் சூடாகிறது என்று படத்தில் காட்டும் தெர்மல் கேமரா. வீட்டில் கனமான லோடு எல்லாம் போட்டு அரைமணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் அதற்கு அர்த்தம் உண்டு. காலியாகக் கிடக்கும் வீட்டில் ஒரு விளக்கை மட்டும் போட்டுவிட்டுப் படம் எடுத்து "சூடு இல்லை" என்று எழுதிக் கொடுப்பதை ஏற்காதீர்கள். மூன்றாவது, ஈரம் ஒயருக்குள் போயிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் மெக்கர் என்ற கருவி வைத்து இன்சுலேஷன் சோதனை, அதாவது ஒயரின் தோல் கரண்டைக் கசியவிடுகிறதா என்று பார்ப்பது. வீட்டு சர்க்யூட்டுகளில் 500 வோல்ட் டிசி கொடுத்துப் பார்ப்பார்கள், குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். நல்ல வயரிங்கில் அதைவிடப் பல மடங்கு வரும். 1-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்றால் பாஸ் என்று விட்டுவிடாமல் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

பெட்டியின் தகட்டில் மட்டும் துரு, உள்ளே எல்லாம் பளிச் என்றால், தண்ணீர் வழியை அடைத்து, துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு அடித்தால் போதும். அப்போது விற்பவர் சொன்னதே சரியான வைத்தியம். ஒரு லக்கோ ஒரு நியூட்ரல் பாரோ மட்டும் அரித்திருந்தால், அதே கம்பெனியின் உதிரி கிடைத்தால் அதை மட்டும் மாற்றி, கேபிள் முனையை நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டி, முறுக்கு விசையை அளந்து இறுக்கலாம். பஸ்பாரே அரித்திருந்தால் பேனல் முழுவதையும் மாற்ற வேண்டும், அதில் பேரமே வேண்டாம். சிலர் பஸ்பாரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்து, ஸ்ப்ரே அடித்துத் தருவார்கள். பார்க்கப் புதிதுபோல இருக்கும். அதன் மேல் இருந்த வெள்ளீய அல்லது வெள்ளிப் பூச்சு அந்தத் தேய்ப்பில் போய்விடும், அப்புறம் முன்பைவிட வேகமாக அரிக்கும். கவ்வும் பிடியும் சூட்டில் இளகியிருந்தால் தேய்த்து அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வெள்ளத்தில் மூழ்கிய பிரேக்கரைக் காயவைத்துப் பயன்படுத்தவே கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

இனி விற்பனைப் பக்கம். உங்களுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது. விற்பவரே பதிவுக்கு முன் வேலையை முடித்துக் கொடுப்பது, விலையைக் குறைத்துக்கொண்டு நீங்கள் பிறகு செய்வது, அல்லது செலவுக்கான தொகையை வழக்கறிஞர்போன்ற நடுவர் ஒருவரிடம் நிறுத்திவைத்து வேலை முடிந்ததும் விடுவிப்பது.

முதல் வழி சுலபமாகத் தெரியும். ஆனால் வெளியேறப் போகிறவர் செலவைக் குறைக்கத்தான் பார்ப்பார், அது மனித இயல்பு. மலிவான பெட்டி, தேவைக்குச் சரியாக இருக்கும் எண்ணிக்கையில் பிரேக்கர், தண்ணீர் வழி அப்படியே. என் சொந்த அபிப்பிராயம், பணத்தைக் குறைத்துக்கொண்டு வேலையை நீங்களே செய்வதுதான் நல்லது. எந்தப் பேனல், எத்தனை காலி இடம், எந்த எலக்ட்ரீஷியன் என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கும். இதற்கு இரண்டு விதிவிலக்கு. மெயின் லக்கிலோ நியூட்ரலிலோ இப்போதே சூடு தெரிகிறது என்றால் பதிவுவரை காத்திருக்க முடியாது, அங்கே குடியிருப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது. அப்புறம், கடன் கொடுக்கும் வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ பேனலைச் சரிசெய்யாமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லலாம். அறிக்கை அவர்கள் கைக்கும் போகும் என்றால் இன்றைக்கே அவர்களிடம் கேட்டுவிடுங்கள். கடைசி நாளில் தெரிந்தால் எல்லோருக்கும் நஷ்டம்.

தொகையைக் கணக்கிடும்போது பெட்டியின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். பேனல் மாற்றினால் இன்றைய விதிப்படி கசிவுமின் தடுப்பு, சர்ஜ் (திடீரென எகிறும் வோல்டேஜ்) பாதுகாப்பு, எர்த் மேம்பாடு எல்லாம் சேர்ந்து வரலாம். பழைய ஒயர் முனைகள் அரித்து நீளம் பற்றாமல் போகலாம். சர்வீஸ் கேபிள் குற்றவாளி என்றால் அது தனிச் செலவு, சில இடங்களில் மீட்டர்வரை மின் நிறுவனத்தின் பொறுப்பு, அதற்குப் பின் வீட்டுக்காரர் பொறுப்பு. எல்லையை விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆள் எழுத்தில் கொடுக்கும் மதிப்பீட்டோடு, முடிந்தால் இன்னொருவரிடமும் ஒன்று வாங்குங்கள். இரண்டையும் மேசையில் வைத்துப் பேசினால் தரகரின் "கொஞ்சம்" என்ற சொல்லுக்கு அங்கே இடமே இருக்காது.

விற்பவரே செய்து தருவதாக முடிவானால், ஒப்பந்தத்தில் "பேனல் சரிசெய்து தரப்படும்" என்று எழுத விடாதீர்கள். பெயின்ட் அடிப்பதும் சரிசெய்வதுதான். இப்படி எழுதச் சொல்லுங்கள்: தண்ணீர் நுழையும் வழி கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்படும், பழைய பஸ்பார், பிரேக்கர் எதுவும் மறுபடி பயன்படுத்தப்படாமல் புதிய பேனல் பொருத்தப்படும், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் உள்ளூர் விதிப்படி தேவையான அனுமதி பெற்றுச் செய்வார், வேலைக்குப் பிந்தைய சோதனைச் சான்றும் ரசீதும் படங்களும் குறிப்பிட்ட தேதிக்குள் வாங்குபவருக்குத் தரப்படும். அந்தத் தேதி பதிவுக்கு ஒரு வாரம் முன்பாவது இருக்கட்டும். மின் நிறுவனத்தின் ஆள் வந்து சப்ளையைத் துண்டித்து மறுபடி கொடுக்க வேண்டும், அதற்கு நாள் கிடைப்பதுதான் வழக்கமாகத் தாமதமாகும். மூன்று வாரம் என்பது இதற்கு அதிகமில்லை. தேவைப்பட்டால் பதிவைத் தள்ளிவைக்கக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விற்பவர் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது தெரிந்துவிட்டது, இனி மறைக்க முடியாது. இந்த வாங்குபவர் போனாலும் அடுத்தவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், பல இடங்களில் அது சட்டக் கடமையும்கூட. பெயின்ட் அடித்து மறைத்தது பிறகு தெரியவந்தால், பேனலின் செலவைவிட வழக்கின் செலவு பெரிதாகும். எலக்ட்ரீஷியனின் அறிக்கை "தகட்டில் மட்டும்தான் துரு" என்று சொன்னால் லாபம் அவருக்கே. அதனால் திறந்து பார்ப்பதை அவர் தடுக்க ஒரு காரணமும் இல்லை.

வேலை முடிந்த பிறகு, சாவி வாங்குவதற்கு முன் அதே எலக்ட்ரீஷியனை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். புது மூடியைக் கழற்றச் சொல்லி, முன்பு எடுத்த படங்களோடு அதே இடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். மெயின் கேபிளின் முனையில் பழைய களிம்பு அப்படியே இருக்கிறதா, மேலே கேபிள் நுழையும் இடம் அடைக்கப்பட்டிருக்கிறதா, எர்த் ஒயர் பெயின்ட்டின் மேல் இல்லாமல் வெறும் உலோகத்தின் மேல் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குடிபோன பிறகு முதல் பெருமழை முடிந்த மறுநாள் அவரை இன்னொருமுறை கூப்பிட்டு உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.